தமிழிலிருந்து தமிழுக்கு

அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஸ்காபரோவில் கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். அதில் பத்து வருடம் மேற்பார்வையாளர். ஆங்கிலத்திலேயே ஆட்களை வேலைக்கு எடுத்து, ஆங்கிலத்திலேயே நிறுத்தியவர். அப்படிப்பட்டவருக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று முதல் நாளே கேட்டேன்.

"பிள்ளை, இங்கிலிசில எனக்குச் சண்டைபிடிக்கத் தெரியும். கவலைப்படத் தெரியாது" என்றார்.

மருத்துவமனைகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் தமிழர்களுக்காக மொழிபெயர்ப்பது என் வேலை. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது முதல் விதி. இதை எழுத அவரிடமே அனுமதி வாங்கினேன். "எழுது. பேர் மட்டும் போடாதை. போட்டால் உன்னோடயும் கதையில்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. ஒருவரோடு பேச்சை முறித்துக்கொண்டால் அவரோடு "கதையில்லை". நாங்கள் எல்லோருமே வாழ்க்கையில் இரண்டு மூன்று பேரோடு அப்படி இருந்திருப்போம். இவர் அதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். அவருடைய கோபத்தில் மூன்று தரம் இருந்தது. முதலாவது, கண்டால் தலையாட்டலாம். இரண்டாவது, செத்தவீட்டுக்கு மட்டும் போகலாம். மூன்றாவதுதான் முழுக் கதையில்லை.

மார்க்கம் நகரில் இருந்த மச்சான் மூன்றாம் தரம். தன் மகளின் கலியாணத்தில் இவரைக் கழிவறைக்குப் பக்கத்து மேசையில் இருத்திவிட்டார். முடிவெட்டுகிறவர் இரண்டாம் தரம். கேட்காமல் காதுமயிரை வெட்டியவர். தமிழ் வானொலி அறிவிப்பாளர் ஒருவரும் பட்டியலில் இருந்தார். பனி வராது என்று அவர் சொன்ன அன்று முழங்காலளவு பனி கொட்டியதாம். அவருடைய குரல் வந்தால் இவர் வானொலியை நிறுத்திவிடுவார்.

"அங்கிள், அவருக்கு நீங்கள் கோவம் எண்டு தெரியுமோ?"

"அவனுக்குத் தெரியத் தேவையில்லை. எனக்குத் தெரியுமே."

இத்தனை பேரையும் தள்ளிவைத்த பிறகு அவருக்கு நித்திரை வராமல் போனது. சாப்பாடும் இறங்கவில்லை. காலையில் எழுந்து கட்டில் ஓரத்தில் ஒரு காலுக்கு மட்டும் சொக்ஸ் போட்டபடி பதினொரு மணிவரை இருப்பார். மற்றக் காலுக்குப் போட மனம் வராது. ஐந்து வருடம் விதவிதமான குளிசைகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கல்கரியில் இருக்கும் மகள்தான் எங்கேயோ விசாரித்து, காளானிலிருந்து வரும் மருந்தை வைத்து மனநோய்க்குச் சிகிச்சை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். மருத்துவர் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்துச் சிறப்பு அனுமதி வாங்கினார். சும்மா மருந்தை விழுங்கிவிட்டுப் போகிற காரியம் இல்லை. முதலில் மூன்று சந்திப்புகள், பிறகு ஒரு முழுப் பகல் மருந்தோடு, அதற்குப் பிறகும் கதைத்துக் கதைத்துப் பார்க்கிற சந்திப்புகள். நகரின் நடுவே ஒரு பழைய செங்கல் வீட்டில் அந்த நிலையம் இருந்தது. நரைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் மருத்துவரும், தாடி வைத்த உயரமான ஓர் இளம் ஆலோசகரும் அவருக்குப் பொறுப்பு.

முதற்சந்திப்பில் மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் உற்சாகமில்லாமல் இருந்தீர்கள்?

"இதைப் போன கிழமை போனிலயும் கேட்டவை. அந்த விடையை எங்க துலைச்சவை?"

உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா என்று கேட்டார். எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்வியை மொழிபெயர்க்கும்போது என் குரல் தானாகவே இறங்கிவிடும். அவருடைய குரல் இறங்கவில்லை.

"யோசிச்சனான். ஆனா செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வருவினம் எண்டு எண்ணிப் பாத்தன். எட்டுப்பேர். அதில ரெண்டுபேர் சாப்பாட்டுக்கு."

மருத்துவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். எனக்குத்தான் சிரிப்பையும் அழுகையையும் சேர்த்து அடக்கவேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பில் இன்னொரு விதி இருக்கிறது. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். ஆகவே "எனக்கு மலச்சிக்கல் இருக்கிறது" என்றும், "தொழிற்சாலையில் என்னைக் கண்டால் எல்லோரும் நடுங்குவார்கள்" என்றும் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணான நான் நிமிர்ந்திருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

சம்மதப் படிவம் வாசிக்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு வரியிலும் அவர் நின்றார். மருந்து ஒரு கதவைத் திறந்துவிடும், உள்ளே போவது உங்கள் வேலை என்று தாடிக்கார ஆலோசகர் கனிவோடு சொன்னார். இதே வசனத்தை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார். கதவுத் தொழிற்சாலையில் இருந்து வந்த ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

"உள்பக்கம் திறக்கிற கதவோ, வெளிப்பக்கம் திறக்கிறதோ எண்டு கேள்."

கேட்டேன். ஆலோசகர் கொஞ்சம் யோசித்து, உள்பக்கம் என்று நினைக்கிறேன் என்றார்.

"அப்ப நெருப்புப் பிடிச்சா ஓடேலாது. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு."

அடுத்த பக்கத்தில், பிரபஞ்சம் முழுவதோடும் ஒன்றாகிவிட்டதுபோல ஓர் உணர்வு வரலாம் என்று எழுதியிருந்தது. தமிழில் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரபஞ்சம் முழுக்க எண்டால், மார்க்கத்தில இருக்கிற மச்சானும் சேர்த்தியோ?"

"ஓம் அங்கிள், எல்லாரும்தானே."

"அப்ப அந்தப் பக்கத்தில நான் கையெழுத்துப் போடேல்லை."

அந்தப் பக்கத்தில் தனிக் கையெழுத்து எதுவும் இல்லை என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் படிவம் நகர்ந்தது.

மருந்தெடுக்கிற அன்று தனியே வீட்டுக்குப் போகக்கூடாது, யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டார்கள். அவர் பெருவிரலால் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் அறையில் அவருடைய மனைவி இருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன உருவம். கழுத்துத் துணிகூட மடிப்புக் குலையாமல் அயன் பண்ணியிருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவருக்குப் பக்கத்துக் கதிரையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார்.

அவர் என்னைப் பார்த்து, "அந்த மனிசிட்டச் சொல்லு பிள்ளை, நாலு மணிக்கு வந்தாப் போதும்" என்றார்.

மனைவியை நான் அன்ரி என்றேன். அவரும் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "அவரிட்டச் சொல்லும் பிள்ளை, டொக்டர் மூண்டரை எண்டு சொன்னவ."

"மூண்டரைக்கு வந்து அங்க குந்திக்கொண்டிருந்து என்ன செய்யப்போறாவாம்?"

"வீட்டில குந்திக்கொண்டிருக்கிறதை இஞ்ச குந்திக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லும்."

இரண்டு பேரும் நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருந்தார்கள். நான் ஒருவர் சொன்னதை மற்றவருக்குத் தமிழிலிருந்து தமிழுக்குச் சொல்லி, பிறகு அதையே மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். விதிப்படி நானே கணவன், நானே மனைவி. மருத்துவர் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, இப்போது "நான்" என்பது யார் என்று கேட்டார்.

டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில் அவர்கள் ஏழு வருடமாக இப்படித்தான் இருந்தார்கள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்து, "இந்த வீட்டில தேத்தண்ணி எண்டு ஒரு சாமான் இருக்கோ தெரியேல்லை" என்பார். அன்ரி சட்டியைப் பார்த்து, "கொதிக்கிற தண்ணிக்கு அவசரம் தெரியாது" என்பார். அவசரமான விஷயம் என்றால் அவர் கல்கரிக்கு மகளை அழைப்பார். மகள் வேலைக்கு நடுவில் தாய்க்குச் செய்தி அனுப்புவாள்: அம்மா, அப்பா சேய்ஸ், கறியில சோல்ட் டூ மச். அன்ரி பத்தடி தூரத்தில் சமையலறையில் நின்று அதை வாசித்து, கல்கரிக்குப் பதில் போடுவார்.

ஏன் என்பதை இரண்டாவது சந்திப்பில் சொன்னார். அன்ரி அன்று வரவில்லை.

நாலு வயதில் தாயை இழந்தவர். தூக்கி வளர்த்தது பெரியக்கா. தம்பி கனடா வந்த பிறகும் பெரியக்கா யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசியில் அழைத்துத் தம்பியைத் திட்டுவார். ஏழு வருடத்துக்கு முன் இவருக்குக் குடலில் ஒரு பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அதே நாள் பெரியக்கா இறந்துவிட்டார். இவருக்கு யாரும் சொல்லவில்லை. காயத்தில் கிருமி தொற்றி, வைத்தியசாலையில் பதினாறு நாள் இருக்கவேண்டி வந்தது. ஒவ்வொரு நாளும் "பெரியக்கா போன் எடுத்தவவோ?" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் மனைவி, "ஓம், எடுத்தவ. உங்களை விசாரிச்சவ" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த மறுநாள்தான் உண்மையைச் சொன்னார்.

"ஒளிச்சது பரவாயில்லை பிள்ளை. வருத்தக்காரனுக்கு ஒளிக்கிறதுதான். ஆனா செத்த மனிசியைக்கொண்டு எனக்குச் சுகம் விசாரிப்பிச்சவ. நான் பதினாறு நாளும் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டுக்கொண்டு கிடந்தனான்."

ஏன் அப்படிச் செய்தார் என்று மனைவியிடம் கேட்டீர்களா என்று மருத்துவர் கேட்டார்.

"கதையில்லாத ஆளிட்ட என்னெண்டு கேக்கிறது?"

மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தக் கிழமை எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். வெளியே கண்டால் நாங்களாக முகமன் சொல்லக்கூடாது. அவர்களுடைய சிகிச்சை அந்தரங்கமானது. நான் முருங்கைக்காயைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவரோ கவனமில்லாமல் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். கூட நின்ற சொந்தக்காரர் விடவில்லை. "உவ ஆர்? தெரிஞ்ச பிள்ளையோ?"

அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "உவவோட எனக்குக் கதையில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைவிடப் பாதுகாப்பான பதிலை எந்தச் சட்டத்தரணியும் சொல்லித்தந்திருக்க முடியாது. சொந்தக்காரர் அப்படியே நம்பிவிட்டார். நான் அரிசி மூட்டைப் பக்கம் போனபோது பின்னால் வந்து, "யோசியாதையும் தங்கச்சி. என்னோடயும் ரெண்டு வருசம் கதையில்லாமல் இருந்தவர்" என்று ஆறுதல் சொன்னார்.

மருந்து கொடுத்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி. ஒரு கட்டில், கம்பளி, மெல்லிய விளக்கு, ஒரு பூச்சாடி. அவர் உள்ளே வந்ததும் கதவை இரண்டு தரம் திறந்து மூடினார். "உது பிணைச்சல் பிழை. கீழ தேய்க்குது" என்றார். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். பயம் வந்தால் கையைப் பிடிக்கலாமா என்று ஆலோசகர் கேட்டார். "ஆரும் என்ர கையைப் பிடிக்கத் தேவையில்லை" என்றார். இன்றைய நோக்கம் என்ன என்று மருத்துவர் கேட்டார். "நித்திரை" என்றார். குளிசையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மனிசி மாசம் ரெண்டுதரம் காளான் கறி வைக்கிறவ. அதைச் சாப்பிட்டு எனக்கு ஒண்டும் நடக்கேல்லை."

இது வேறு காளான் என்றேன். விழுங்கினார். கண்ணுக்குத் துணி கட்டி, காதில் இசை போட்டார்கள்.

"உது ஆரின்ர செத்தவீடு?" என்றார். இசையை மாற்றினார்கள்.

அரை மணித்தியாலம் போனது. "ஒண்டும் இல்லை" என்றார். முக்கால் மணித்தியாலம். "ஒண்டும் இல்லை. போலிச் சரக்கு. அரசாங்கத்தை ஏமாத்திப்போட்டாங்கள்." கண்துணியை உயர்த்தி அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எங்களைக் கிட்ட வரும்படி கைகாட்டி, மெல்லிய குரலில் சொன்னார்: "எனக்கு ஒண்டும் இல்லை. ஆனா உந்த மேசை ஏன் மூச்சு விடுது?"

மருத்துவர் துணியை மெதுவாகத் திரும்ப இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. நடுவில் ஒரு வசனம் வந்தது. "மச்சான் இருக்கிறான். கக்கூசுக்குப் பக்கத்தில மேசை போட்டுத் தனிய இருக்கிறான். ஒருத்தரும் அவனுக்குச் சாப்பாடு குடுக்கேல்லை. பாவம்." இரண்டு கண்ணாலும் நீர் வடியச் சிரித்துக்கொண்டே, "ஆராவது அவனுக்கு ஒரு ரோல்ஸ் குடுங்கோ" என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். ஆலோசகர் மிகக் கவனமாக, ரோல்ஸ் என்பதற்கு ஏதும் சமய முக்கியத்துவம் உண்டா என்று கேட்டார்.

பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சத்தமே இல்லை. செத்துவிட்டாரோ என்று பயந்து நான் அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் தாண்டி அவர் வாய் திறந்தபோது குரல் வேறாக இருந்தது. சண்டைக்காரக் குரல் இல்லை. எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு சொல்கிற குரல்.

"ஆஸ்பத்திரி. நான் கட்டிலில கிடக்கிறன். மனிசி வருது. பச்சை ஸ்வெற்றர்." கொஞ்சம் நிறுத்தினார். "மறுபக்கமாப் போட்டிருக்கு. தையல் எல்லாம் வெளியால தெரியுது. கழுத்து லேபல் முன்னுக்கு நிக்குது."

மருத்துவர் இசையின் சத்தத்தைக் குறைத்தார்.

"துவாய்க்கும் அயன் பண்ணுற மனிசி. ஸ்வெற்றரை மறுபக்கமாப் போட்டுக்கொண்டு பஸ்ஸில வந்திருக்கு. நான் ஏசினனான். உடுப்பு ஒழுங்காப் போடத் தெரியாதோ எண்டு நர்சுக்கு முன்னால பேசினனான். அப்பவும் அவ பெரியக்கா எடுத்தவ எண்டு சொல்லுறா. போனைக் கையில வைச்சிருக்கிறா. கை நடுங்குது. பாத்தனான். அண்டைக்கே பாத்தனான். பாத்திட்டுத்தான் பேசினனான்."

அவருடைய கை கம்பளிக்கு வெளியே வந்து காற்றில் துழாவியது. ஆலோசகர் தன் கையைக் கொடுத்தார். அவர் பிடித்த பிடியில் அந்த உயரமான மனிதர் பாதி வளைந்துபோனார். இரண்டு மணித்தியாலம் அப்படியே வளைந்திருந்தார். அங்கிள் அழுததை நான் விவரிக்கப்போவதில்லை. அதற்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஆனால் "என் மனைவி மேற்சட்டையை மறுபக்கமாகப் போட்டிருக்கிறாள்" என்று நான் ஆங்கிலத்தில், என் வாயால், "என்" என்று சொன்னபோது குரல் உடைந்தது. விதிப்படி உடையக்கூடாது.

மூன்றரைக்கு அன்ரி வந்தார். இவர் கட்டிலில் நிமிர்ந்திருந்து தோடம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்திவிட்டு அன்ரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அன்ரி இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு என்னை ஓரமாக இழுத்து, "பிள்ளை, என்ன இது, பொம்பிளை பாக்க வந்தமாதிரிப் பாக்கிறார்? எல்லாம் சரிதானே?" என்றார்.

மறுநாள் மீண்டும் வரச் சொல்லியிருந்தார்கள். மருந்து காட்டியதை அவிழ்த்துப் பார்க்கும் சந்திப்பு அது. அன்ரியையும் உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவர் கேட்டார். அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் பழையபடி பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில். நான் எதிரில்.

அவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அந்த மனிசிட்டக் கேள். பெரியக்கா எடுத்தவ எண்டு சொன்னாவே. என்னென்ன சொன்னவ எண்டு எனக்கு ஒருக்காத் திருப்பிச் சொல்லச் சொல்லு."

நான் அன்ரியின் பக்கம் திரும்பினேன். நான் வாய் திறக்க முதலே அவருடைய கை கைப்பையின் வாரை இறுக்கியது. அன்ரி என்னைப் பார்த்தே சொன்னார்.

"முதல்நாள், தம்பி கண் முழிச்சிட்டானோ எண்டு கேட்டவ எண்டு சொன்னனான். பிறகு, கஞ்சி குடிக்கச் சொன்னவ எண்டு. அடுத்தநாள், கோயிலில உங்கட பேருக்கு அருச்சனை செய்விச்சவ எண்டு."

"பிழை" என்றார் அவர்.

"என்ன பிழையாம்?"

"பெரியக்கா அருச்சனை செய்யமாட்டா. அவ அந்தக் கோயில் ஐயரோட இருவது வருசம் கதையில்லை எண்டு சொல்லு!"

நான் சொல்லத் திரும்பினேன். அன்ரி என்னைத் தாண்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்? செத்தவவின்ர வாயால கதைக்கிறது லேசெண்டு நினைச்சியளோ? ஒவ்வொருநாளும் பஸ்ஸுக்குள்ள இருந்து யோசிச்சு யோசிச்சு வந்தனான், இண்டைக்கு அவ என்ன சொல்லுவா எண்டு!"

"அவ கஞ்சி குடி எண்டு சொல்லமாட்டா. டேய் எருமை, விழுங்கடா எண்டுதான் சொல்லுவா."

"ஆஸ்பத்திரியில வைச்சு உங்களை நான் எருமை எண்டு சொல்லோணுமோ?"

"சொல்லியிருந்தா அண்டைக்கே அழுதிருப்பன்!"

மருத்துவர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். "சண்டை பிடிக்கிறார்கள்" என்றேன். நாங்கள் தலையிடவேண்டுமா என்றார். தயவுசெய்து வேண்டாம் என்றேன். அதுதான் அந்த அறையில் நான் மருத்துவரிடம் எனக்காகக் கேட்டுக்கொண்ட முதல் விஷயம்.

அவருடைய குரல் தணிந்தது. கதிரையை அன்ரியின் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"இஞ்சாரும்."

அதற்கு ஆங்கிலம் இல்லை. எங்கள் ஊரில் மனைவியைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற சொல். ஏழு வருடத்துக்குப் பிறகு அவர் அதைச் சொன்னபோது அன்ரி நிமிர்ந்தார்.

"உமக்கு எப்ப செய்தி வந்தது?"

"விடிய நாலு மணிக்கு. உங்களுக்கு ஆறு மணிக்கு ஒப்பரேசன்."

"அந்தப் பச்சை ஸ்வெற்றர்..."

"அது எனக்கு நீங்கள் பேசினாப் பிறகுதான் தெரியும்."

அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழுதனீரோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை ஏழு வருடத்தில் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை என்பது அன்ரியின் முகத்தில் தெரிந்தது. பெரியக்காவோடு பல வருடம் சனிக்கிழமைகளில் பேசியவர் அவரும்தானே.

"எங்க வைச்சு அழுறது? உங்களுக்கு முன்னால ஏலாது. மகள் கல்கரியில இருந்து வந்து நிண்டவள், பயந்திடுவாள் எண்டு அவளுக்கு முன்னாலயும் ஏலாது. லிஃப்ட்டுக்குள்ள அழுதனான். ஒன்பதாம் மாடியில ஏறினா, கீழ வருமட்டும் அழலாம். இடையில ஆரும் ஏறினா நிப்பாட்டோணும்."

"ஆர் ஏறினது?"

"ஆறாம் மாடியில நாயோட ஒரு மனுசன் இருக்கிறார். ஒவ்வொருநாளும் சரியா அந்த நேரத்துக்கு ஏறுவார்."

அவர் பல்லைக் கடித்தார். "அந்த ஆளோட இனி எனக்குக் கதையில்லை" என்றார். சொல்லிவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அன்ரி கைப்பையைத் திறந்து நாலாக மடித்து அயன் பண்ணிய ஒரு கைலேஞ்சியை எடுத்து அவர் மடியில் வைத்தார். மருத்துவர் மீண்டும் என்னைப் பார்த்தார். நான் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு சொல்லையும் மொழிபெயர்த்திருக்கவில்லை.

அதிசயம் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நினைத்து யாரும் இதற்குள் இறங்கக்கூடாது, எல்லோருக்கும் இது சரிவராது என்று மருத்துவரே பல தடவை சொன்னார். இவருக்கும் இடையில் இரண்டு கிழமை பழையபடி இருட்டு வந்தது. ஆனால் நித்திரை திரும்பியது. இரண்டு காலுக்கும் சொக்ஸ் போட்டார். பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, "உன்னோட இருந்த கோவத்தை முடிச்சிட்டன். ஆனா பிழை உன்னிலதான்" என்று சமாதானம் செய்தார். அதனால் மூன்று பேர் புதிதாக இவரோடு கோபித்துக்கொண்டார்கள்.

சிகிச்சை முடிந்து கோப்பு மூடி ஐந்தாறு மாதம் கழித்து அவரை மீண்டும் அதே கடையில் கண்டேன். இந்த முறை அவராகவே வந்தார். பெரியக்காவின் திவசம் வருகிறதாம். இவ்வளவு வருடமும் அந்த வீட்டில் ஒன்றும் செய்யவில்லையாம். இந்த முறை ஆட்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கப்போகிறோம், கட்டாயம் வா என்றார். போகலாமா என்று என் மேலாளரிடம் கேட்டேன். கோப்பு மூடியாயிற்றே என்றார். போனேன்.

ஒன்பதாம் மாடி வீட்டில் நிற்க இடமில்லை. மார்க்கத்து மச்சான் வந்திருந்தார். முடிவெட்டுகிறவர் வந்திருந்தார். யன்னலோரம் நாயில்லாமல் நின்ற மனிதர்தான் ஆறாம் மாடிக்காரர் என்று ஊகித்தேன். கூடத்தின் நடுவில் நின்று அவர் பெரியக்கா தன்னைத் திட்டிய திட்டுகளை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கோப்பையைக் கழுவ வைக்கச் சமையலறைக்குப் போனேன். அன்ரி பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். கதவைப் பாதி சாத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உன்னை ஒண்டு கேக்கோணும் எண்டிருந்தனான். ஏழு வருசம் இந்த வீடு கோயில்மாதிரி அமைதி. இப்ப விடிய அஞ்சு மணிக்கு எழும்பினா மனுசன் வாய் மூடுறேல்லை. நான் காய் வெட்டுறது பிழையாம், பாத்திரம் அடுக்குறது பிழையாம், திரைச்சீலை பிழையாம். எல்லாம் எனக்கு நேர நிண்டு சொல்லுறார். அந்தக் குளிசையின்ர வேலையைக் கொஞ்சம் குறைக்கிற குளிசை ஏதும் இருக்கோ எண்டு அந்த டொக்டரிட்ட ஒருக்காக் கேப்பியோ?"

நான் பதில் சொல்ல முதல் கூடத்திலிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சாரும்! பாயசம் எங்க? சனம் பாத்துக்கொண்டு நிக்குது!"

அன்ரி அகப்பையைத் தூக்கியபடியே கதவைக் காலால் தள்ளித் திறந்தார்.

"வாறன் எருமை, பொறுங்கோ!"

கூடத்தில் மச்சான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரையும்விடப் பெரிதாக அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.